ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லையா? அக்கா சொல்றேன், கேளு

மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர். முடி கொட்டுறதுக்கு தோல் டாக்டர். வாய்ப்புண்ணுக்கு பல் டாக்டர். சோர்வுக்குப் பக்கத்துத் தெரு டாக்டர். ஒவ்வொருத்தரும் அவங்க பங்குக்கு ஒரு சீட்டு எழுதித் தந்திருப்பாங்க. ஒவ்வொரு சீட்டையும் தனியா எடுத்துப் பார்த்தா சரியாத்தான் இருக்கும். ஆனா இந்த நாலு பேரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து உன்னைப் பத்திப் பேசினதே கிடையாது, பேசப்போறதும் இல்ல. நாலு இடத்துலயும் இருந்த ஒரே ஆள் நீதான். அதனால எல்லாத்தையும் சேர்த்துக் கோக்குற வேலை உன் தலையில வந்து விழுது. உடம்புக்கு முடியாதவ மேல இதையும் ஏத்துறது நியாயமானு கேட்டா, இல்லதான். இருந்தாலும் செய்ய வேண்டியிருக்கு.

என் நோய் லூபஸ். தொற்றைத் தாக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற ரகம். பத்து லூபஸ்காரங்கள்ல ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15-லேர்ந்து 45 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தைனு வரிசை கட்டி நிக்கிற அதே வயசு. 2022 அக்டோபர்ல சமந்தா தனக்கு மயோசைட்டிஸ்னு வெளிய சொன்னப்போ, "அப்படின்னா என்ன?"னு வீட்டுக்கு வீடு கேட்டாங்க இல்லையா, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ரூமட்டாய்டு, ஷோக்ரன்னு இன்னும் சொந்தக்காரங்க நிறைய. நான் லூபஸை வச்சே பேசுறேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான். உன் நோய்க்கு வேற பேரு இருந்தாலும் பாதிக்கு மேல உனக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு தாள்

பை நிறைய ஸ்கேனும் ரிப்போர்ட்டும் தூக்கிட்டுப் போனா எந்த டாக்டரும் படிக்க மாட்டார். வெளிய இன்னும் முப்பது பேர் டோக்கனோட உட்கார்ந்திருக்காங்க. அவர் கையில கொடுக்க வேண்டியது ஒரே தாள்தான், ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாது.

மேல உன் பேரு, வயசு, எடை. அதுக்குக் கீழ தேதி வாரியா, ஒவ்வொண்ணும் ஒரு வரி. தேதி ஞாபகமில்லையா? பண்டிகையை வச்சுக் கண்டுபிடி. "போன தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது விரல் மடங்கல", "சித்திரைத் திருவிழாவுக்கு வெயில்ல போயிட்டு வந்த மறுநாள் காய்ச்சல், முகத்துல தடிப்பு". இப்படி யோசிச்சா மாசம் தானா வந்துடும். அதைத் தாள்ல எழுதும்போது மட்டும் மாசம், வருஷம்னு மாத்திக்கோ. கடைசி வரியில இப்போ சாப்பிடுற மாத்திரைகள், மில்லிகிராமோட.

ரெண்டு விஷயத்துல கறாரா இரு. ஒண்ணு, "ரொம்ப வலி", "பயங்கர அசதி"னு எழுதாத. என்ன செய்ய முடியல, எவ்வளவு நேரம் முடியலனு எழுது. காலையில எந்திரிச்சதும் விரலெல்லாம் விறைச்சுக் கிடக்குதா? எந்திரிச்சு எத்தனை நிமிஷம் கழிச்சு கோலப்பொடியை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு இழுக்க முடியுது, குக்கர் மூடியைத் திருக முடியுது, ஜாக்கெட் ஹூக்கை மாட்ட முடியுதுனு கடிகாரத்தைப் பார்த்துக் குறிச்சு வை. பத்து நிமிஷத்துல சரியானா அது ஒரு கதை. அரை மணி, முக்கால் மணி ஆகியும் விரல் வரலைன்னா அது உள்ளுக்குள்ள அழற்சி இருக்குங்கிறதுக்கான குறிப்பு. தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும். அழற்சி வலி ஓய்வுல விறைக்கும், நடமாட ஆரம்பிச்சா கொஞ்சம் விடும். இந்த வித்தியாசத்தை அவர் கேட்காமலே நீ சொல்லிட்டா டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொண்ணு, போட்டோ. தடிப்பு, வீக்கம், வாய்ப்புண் எல்லாம் அப்பாயிண்ட்மென்ட் அன்னைக்குனு பார்த்து ஒளிஞ்சுக்கும். வந்த அன்னைக்கே ஜன்னல் வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம, படம் எடுத்துத் தனி ஆல்பத்துல போட்டு வை. லூபஸ் தடிப்பு ரெண்டு கன்னத்துலயும் மூக்குத் தண்டு மேலயும் படரும். மூக்கோரத்துலேர்ந்து வாய்க்கு இறங்குற மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுடும். படங்கள்ல எல்லாம் வெள்ளைக்காரங்க கன்னம் செக்கச்செவேல்னு இருக்கும். நம்ம நிறத்துக்கு அது அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பா, சில சமயம் வெறும் கருமையாத்தான் தெரியும். பாக்குறவங்க "மங்கு விழுந்திருக்கு"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மெடிக்கல் ஷாப்ல சொல்லி ஒரு க்ரீம் வாங்கித் தடவுவோம். அதுல பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். அது தடிப்பைத் தற்காலிகமா அமுக்கிடும். டாக்டர் முன்னாடி போய் உட்காரும்போது காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது.

உள்ள போனதும்

முதல் வாக்கியத்தை வீட்டுலயே சொல்லிப் பார்த்துட்டுப் போ. "எட்டு மாசமா காலையில ஒரு மணி நேரம் விரல் மடங்கல, வெயில்ல போனா முகத்துல தடிப்பு வருது, அப்பப்போ காய்ச்சல், அஞ்சு கிலோ இறங்கிட்டேன்." இவ்வளவு போதும். "எங்க ஆரம்பிக்கிறதுனே தெரியல டாக்டர்"னு ஆரம்பிச்சா அவர் நடுவுல புகுந்து வேற பக்கம் கொண்டுபோயிடுவார். கூகுள்ல பார்த்த நோய்ப் பேரை முதல்ல எடுத்து வைக்காத. சில டாக்டர்களுக்கு அதைக் கேட்டதுமே முகம் மாறிடும். அறிகுறியை வரிசையாச் சொன்னா அவரே அந்தப் பேருக்கு வந்து சேருவார். வரலைன்னா கடைசியில கேளு.

கூட யாரைக் கூட்டிட்டுப் போறங்கிறதும் முக்கியம். உன் வீட்டுக்காரரோ மாமியாரோ உனக்குப் பதிலா பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னா, உன் ஒரு மணி நேர விறைப்பு "அவளுக்குக் கொஞ்சம் கை வலி டாக்டர்"னு சுருங்கிடும். வாசல்லயே சொல்லிடு: "நான் பேசுறேன், நீங்க எழுதிக்கங்க." கையில பேனாவும் நோட்டும் கொடுத்துட்டா அவங்களுக்கும் ஒரு வேலை இருக்கும்.

"டென்ஷன்தாம்மா, மனசை ரிலாக்ஸா வச்சுக்கோ"னு சொல்லிட்டாங்களா? அழாத, சண்டை போடாத. அமைதியா ரெண்டு கேள்வி கேளு. "டென்ஷன் இல்லாம வேற எதுவா இருக்க வாய்ப்பிருக்கு டாக்டர்?" "எத்தனை வாரத்துல சரியாகலைன்னா நான் திரும்ப வரணும்?" முதல் கேள்வி அவரை இன்னொரு தடவை யோசிக்க வைக்கும். ரெண்டாவது கேள்விக்குப் பதில் வாங்கிட்டா, அந்த நாள் தாண்டினதும் நீ போய் நிக்கிறதுக்கு உனக்கு ஒரு பிடி இருக்கு. மனச்சோர்வும் இருக்கலாம், நான் மறுக்கல. மாசக்கணக்கா வலியோட இருக்கிறவளுக்கு வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அதுக்கும் வைத்தியம் பண்ணிக்கோ. ஆனா அது வந்துட்டதால மூட்டு வீக்கத்தைத் தேடுறதை நிறுத்தணும்னு இல்ல.

நம்ம ஊர்ல எங்கெங்க வழி தப்பும்

காய்ச்சலோட மூட்டு வலின்னா முதல்ல சிக்குன்குனியானுதான் சொல்வாங்க. அது தப்பில்ல. 2006-ல அது தமிழ்நாடு முழுக்க ஒரு சுத்து சுத்தி வந்தப்போ, காய்ச்சல் போன பிறகும் மாசக்கணக்கா மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவங்களை எல்லாரும் பார்த்திருக்கோம். அதனாலயே "சிக்குன்குனியா வலி, போகப் போகச் சரியாகும்"னு வருஷக்கணக்கா விட்டுடுறாங்க. மூணு மாசம் தாண்டியும் வீக்கமும் விறைப்பும் இருந்தா, அதுக்கு வேற பேரு இருக்கானு பார்க்கச் சொல்லு.

மழைக்காலத்துல காய்ச்சலோட பிளேட்லெட் இறங்கினா டெங்குனு அட்மிட் பண்ணுவாங்க. சரிதான். டெங்குல ஒண்ணு ரெண்டு வாரத்துல அது ஏறிடும். காய்ச்சல் போயி மாசமாகியும் பிளேட்லெட்டும் வெள்ளை அணுவும் குறைவாவே நின்னா கொசு மேல பழி போட முடியாது.

காய்ச்சல், எடை இறக்கம், கழுத்துல நெறிகட்டுனா டி.பி. சந்தேகம் வரும். நம்ம நாட்டுல அதைத் தேடாம விடுறதுதான் தப்பு. நீ கேட்க வேண்டியது, "சளியிலயோ நெறியில ஊசி போட்டு எடுத்த மாதிரியிலயோ டி.பி. உறுதியாச்சா, இல்ல சந்தேகத்துல மாத்திரை ஆரம்பிக்கிறோமா?"ங்கிறதுதான். சந்தேகத்துலதான் ஆரம்பிச்சாங்கன்னா, எப்போ திரும்பப் பார்த்து முடிவு பண்ணுவாங்கனும் கேட்டு வை. ஆரம்பிச்ச மாத்திரையை நீயா நிறுத்திடாத.

ரத்தம் கம்மினு இரும்புச்சத்து மாத்திரை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எல்லாம் ஆச்சு, ரெண்டு மூணு மாசமாகியும் ஹீமோகுளோபின் ஏறலைன்னா அது இரும்புச்சத்துக் குறைவாலதான் வந்ததானு சந்தேகப்படணும். நாள்பட்ட அழற்சியில இரும்பு இருந்தும் உடம்பு அதை எடுத்துக்காது. லூபஸ்ல எதிர்ப்பு சக்தியே சிவப்பணுவை உடைக்கிறதும் உண்டு.

எனக்கு ரொம்பக் கோபம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. சின்ன க்ளினிக்ல ஒரு ஊசி போட்டு, ப்ரௌன் கவர்ல பேரில்லாத மாத்திரை நாலஞ்சு போட்டுத் தருவாங்க. மறுநாளே பறந்துக்கிட்டு எந்திரிப்ப. "அவர் கை ராசிக்காரர்"னு ஊரே சொல்லும். பெரும்பாலும் அதுல இருக்கிறது ஸ்டீராய்டு. நாலு நாள்ல வலி திரும்பும், திரும்ப ஊசி. இப்படியே போனா நோயும் மறைஞ்சு நிக்கும், டெஸ்ட்டும் குழம்பும். எங்க ஊசி போட்டாலும் "மருந்து பேரை எழுதித் தாங்க"னு கேளு. எழுதித் தராத இடத்துல போட்டுக்காத.

எந்த டாக்டர், என்ன டெஸ்ட்

மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுறது, இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்து மாசக்கணக்கா போகலைன்னா நீ தேட வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட். எலும்பு டாக்டர் வேற, இவர் வேற. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. புதுச்சேரி ஜிப்மர்லயும் வேலூர் சி.எம்.சி.யிலயும் இருக்கு. சின்ன ஊர்ல இருக்கிறவங்க ஒரு தடவை அங்க போய் நோயை உறுதி பண்ணிட்டு, அப்புறம் உள்ளூர் டாக்டர்கிட்ட தொடர்ந்து பார்த்துக்கிட்டு, சில மாசத்துக்கு ஒருமுறை போய் வர்ற மாதிரி வச்சுக்கலாம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு காலையில சீக்கிரம் போ. அந்தப் பிரிவோட ஓ.பி. எந்தெந்த நாள்னு முன்னாடியே விசாரிச்சுக்கோ. பஸ் ஏறி வந்து "இன்னைக்கு இல்லம்மா"னு திரும்புறவங்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கு.

"முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்"னு விளம்பரம் வரும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டுனு நீளமா லிஸ்ட் இருக்கும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதுல இருக்காது. எல்லாம் நார்மல்னு வந்ததும் வீட்டுல "அதான் நார்மல்னு வந்துடுச்சே"னு சொல்றதுக்குத்தான் அந்த ரிப்போர்ட் உதவும்.

லூபஸைத் தேடும்போது முதல் படி ஏ.என்.ஏ.ங்கிற ரத்த டெஸ்ட். இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில செய்யுற இடமா பார்த்துக் கொடு. ரிப்போர்ட்ல 1:80, 1:160, 1:320னு அளவு இருக்கணும், வெறும் "பாசிட்டிவ்" போதாது. இது நெகட்டிவ்னா லூபஸா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பாசிட்டிவ்னா மட்டும் லூபஸ்னு முடிவு பண்ண முடியாது. ஒரு குறையும் இல்லாதவங்கள்லயே நூத்துக்கு அஞ்சு பேர் போல 1:160 வரைக்கும் காட்டுவாங்க. அதனால ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க நெட்டுல தேடி அழுதுட்டு உட்கார்ந்திருக்காத. அறிகுறி, டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, ரத்த அணுக்கள், யூரின் எல்லாம் சேர்த்து வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவார். இன்னொரு காசு மிச்சம்: ஏ.என்.ஏ. ஒரு தடவை தெளிவா பாசிட்டிவ் ஆயிட்டா அதையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்ல. நோய் ஏறுதா இறங்குதானு மத்ததை வச்சுத்தான் பார்ப்பாங்க.

யூரின் டெஸ்ட்டை மட்டும் ஒருநாளும் தள்ளிப் போடாத. மூட்டு கத்தும், தோல் காட்டிக்கொடுக்கும், கிட்னி வாயே திறக்காது. கால் வீங்கி, முகம் உப்பி, யூரின்ல நுரை நிக்கும்போது நோய் உள்ள நல்லா நுழைஞ்சிருக்கும். புரோட்டீனுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம்னு ஒரு எண் தருவாங்க. 0.2-க்குக் கீழ இருந்தா நல்லது. 0.5-ஐத் தாண்டி நின்னா கிட்னி பயாப்ஸி பத்திப் பேச ஆரம்பிப்பாங்க. மாதவிலக்கு நாள்ல கொடுத்தா தப்பாக் காட்டும், தள்ளிக் கொடு. காலையில முதல் யூரினா இருந்தா நல்லது. லேப்ல அவசரத்துல பாட்டில் மேல பேரு எழுதாம வச்சுட்டு வராத, நின்னு ஒட்டிட்டு வா.

ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்தா கேஸ் ஷீட் நகல் கேட்க உனக்கு உரிமை இருக்கு. டாக்டர்களுக்கான 2002-ம் வருஷ நடத்தை விதியிலயே, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு இருக்கு. வாயால கேட்டா "ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்கு"ம்பாங்க. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கோ, உடனே சாவி கிடைச்சுடும்.

மாத்திரையோட குடித்தனம்

நோய்ப் பேரு தெரிஞ்ச அன்னைக்கு அழுகை வரும், கூடவே ஒரு நிம்மதியும் வரும். ரெண்டும் வந்துட்டுப் போகட்டும். அடுத்த நாளே வேலை ஆரம்பிச்சுடுது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சுருக்கமா எச்.சி.க்யூ., லூபஸ்காரங்க வீட்டுல உப்பு புளி மாதிரி. அது வேலை காட்ட ரெண்டு மூணு மாசம் ஆகும். "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல"னு நிறுத்துறவங்கதான் அதிகம். அளவு உன் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகாமப் பார்ப்பாங்க, அதுக்குத்தான் தாள்ல எடையை எழுதச் சொன்னேன். கசப்பு தாங்காது, சாப்பாட்டோட விழுங்கிடு. கண்ணுக்கு ஆகாதுனு யாராவது பயமுறுத்துவாங்க. சரியான அளவுல ஆரம்ப வருஷங்கள்ல அந்தப் பாதிப்பு அபூர்வம். ஆரம்பிச்ச முதல் வருஷத்துக்குள்ள ஒரு கண் பரிசோதனை, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். கண் டாக்டர்கிட்ட இந்த மாத்திரை பேரைச் சொன்னா விழித்திரை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். கிட்னி கோளாறு இருந்தா அந்த வருஷாந்திரப் பரிசோதனையை இன்னும் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்வாங்க.

கையிருப்பு எப்பவும் ஒரு மாசத்துக்கு இருக்கட்டும். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு இது மருந்துனு உலகம் முழுக்கப் புரளி கிளம்பி, நோயே இல்லாதவங்க வாங்கிக் குவிச்சாங்க. அரசாங்கம் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க கடை கடையா ஏறி இறங்கினோம். கடைசியில கொரோனாவுக்கு அது உதவலைன்னு ஆயிடுச்சு, அது வேற விஷயம்.

ஸ்டீராய்டு ப்ரெட்னிசலோன் எழுதித் தந்தா, முகம் உப்பிடும்னு பயந்து நீயா நிறுத்தாத. சில வாரம் சாப்பிட்டாலே உடம்பு தானா சுரக்க வேண்டியதைச் சுரக்காம ஒதுங்கி நிக்கும். திடீர்னு நிறுத்தினா மயக்கம், வாந்தி, பி.பி. இறங்கி ஐ.சி.யு. வரைக்கும் போயிடும். டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும். காலையில டிபனுக்கு அப்புறம் போட்டுக்கோ, ராத்திரி போட்டா தூக்கம் போயிடும். சர்க்கரை, பி.பி. பார்த்துக்கோ, கால்சியமும் வைட்டமின் டி-யும் கேட்டு வாங்கிக்கோ. உப்பின முகம் மருந்து குறையக் குறைய வடியும். அதுவரைக்கும் கல்யாண வீட்டு போட்டோவுல பின் வரிசை, அவ்வளவுதான்.

ஃபைல் முதல் பக்கத்துல சிவப்பு மையில ரெண்டு குறிப்பு எழுது. சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் லூபஸைக் கிளப்பிவிடலாம், கேட்காமத் தராதீங்கனு ஒண்ணு. கிட்னிக்காக வலி மாத்திரையைப் பார்த்துத் தரணும்னு இன்னொண்ணு. "ஒரு டைக்ளோ போட்டுக்கோ"ங்கிற கடைக்காரருக்கும் அதையே காட்டு.

மருந்துச் செலவு வருஷம் முழுக்க ஓடுறது. பிராண்டு பேருக்குப் பதிலா மருந்துப் பேரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்துலயும், 2025-ல தொடங்கின முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டுப் பாரு. பில்லுல கணிசமான வித்தியாசம் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தா இப்பவே எடுத்து வை. அட்மிஷன் போட்ட பிறகு ஓடுறது பெரிய பாடு.

வெயில், அடுப்படி, ஆட்கள்

வெயில் நமக்கு ஆகாது. தோலுக்கு மட்டும்னு நினைக்காத, மொத்த நோயையும் அது கிளப்பிவிடும். பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் முடிஞ்சா நிழல்ல இரு. போகணும்னா முழுக்கை, குடை, எஸ்.பி.எஃப். 30-க்கு மேல சன்ஸ்க்ரீன். பொட்டு அளவுக்குத் தொட்டு வைக்காத. ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து, காது மடல் வரைக்கும் பூசு. பஸ்ல ஏறும்போதே எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்னு யோசிச்சு எதிர்ப் பக்கம் உட்காரு. கண்ணாடி வழியாவும் புற ஊதாக் கதிர்ல ஒரு பகுதி வரும்.

காலை விறைப்பு இருக்கிறவ காலையிலயே எல்லாம் செய்யணும்னு நிக்காத. காயை முந்தின ராத்திரியே நறுக்கி வை. கீழ உட்கார்ந்து அரிவாள்மனையில நறுக்குறதை விட்டுட்டு மேஜையில பலகையும் கத்தியும் வச்சுக்கோ. கிரைண்டர் கல்லை நீ தூக்காத, சாய்க்கிற கிரைண்டரா மாத்து. தோசைக்கல்லும் அஞ்சு லிட்டர் குக்கரும் ரெண்டு கையால. துணி பிழியுறதை வாஷிங் மெஷினுக்கோ வீட்டுக்காரருக்கோ விடு. ஒரு நாள் உடம்பு நல்லா இருக்கேனு பரணை ஒதுக்கி, கர்ட்டன் துவைச்சு, பலகாரம் சுட்டுத் தீர்த்தா அடுத்த மூணு நாள் படுக்கைதான். பலம் வந்த நாள்லயும் பாதியோட நிறுத்து. வலி இல்லாத நாள்ல நடை, லேசான உடற்பயிற்சி அவசியம். அசதியா இருக்குனு அசையாமலே கிடந்தா அசதி கூடத்தான் செய்யும்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்க"னு கேக்குறவங்களுக்கு லூபஸ் பாடம் எடுக்கத் தேவையில்ல. "மருந்து சாப்பிடுறதால இருக்கேன் அத்தை"னு சொல்லிட்டு காபி கொடு. கண்ணு பட்டுச்சு, தோஷம், குலதெய்வத்துக்கு நேர்ந்தது பாக்கினு சொன்னாங்கன்னா சுத்திப் போடட்டும், பொங்கல் வைக்கட்டும், உனக்கு நஷ்டமில்ல. வெயில்ல அக்னிச்சட்டி எடுக்கச் சொன்னா மட்டும் "சாயங்காலம் விளக்கு போடுறேன்"னு சொல்லு. பேரில்லாத பொடி, லேகியம் கொண்டு வந்தா வாங்கி அலமாரியில வை, வாயில வைக்காத. லேபிள் இல்லாத நாட்டு மருந்துல ஸ்டீராய்டும் பாதரசம், ஈயம் மாதிரி உலோகமும் கலந்திருந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க. சித்தா பார்க்கணும்னா படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போ, ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தையும் சொல்லு.

கல்யாணம், குழந்தை

வரன் பார்க்கும்போது மறைச்சுடலாம்னு வீட்டுல பேசுவாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். கல்யாணமான முதல் மாசமே மாத்திரை டப்பா கண்ணுல படும். அன்னைக்கு எழுற கேள்விக்கு உங்க அம்மா அப்பா பக்கத்துல இருக்க மாட்டாங்க. ஜாதகம் கொடுக்கும்போதே ஊருக்கெல்லாம் சொல்லவும் தேவையில்ல. ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சுப் போயி, நிச்சயத்துக்கு முன்னாடி பையன்கிட்ட நீ நேரடியா சொல்லு. முடிஞ்சா ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஓடுறவன் ஓடட்டும்.

குழந்தை பெத்துக்கலாம், நிறையப் பேர் பெத்திருக்காங்க. திட்டம் போட்டுத்தான் பெத்துக்கணும். நோய் குறைஞ்சது ஆறு மாசமாவது அடங்கி இருக்கணும். மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து கருவுக்கு ஆகாது, அதை முன்கூட்டியே மாத்தித் தருவாங்க. எச்.சி.க்யூ.வை கர்ப்பத்துலயும் தொடரச் சொல்வாங்க. ஆன்டி-ரோனு ஒரு டெஸ்ட் பாசிட்டிவ்னா குழந்தையோட இதயத் துடிப்பை ஸ்கேன்ல கவனிப்பாங்க. திரும்பத் திரும்பக் கரு கலைஞ்சவங்க, நோய்ப் பேரே இன்னும் தெரியாதவங்களா இருந்தாலும், ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் டெஸ்ட் எடுக்கணுமானு லேடி டாக்டர்கிட்ட கேளுங்க. பல மாமியார்கள் "ராசியில்லாதவ"னு பேரு வச்சதுக்குப் பின்னாடி, ஆஸ்பிரின், ஹெப்பாரின்னு வைத்தியம் இருக்கிற இந்தக் கோளாறு இருந்திருக்கலாம். அந்த டெஸ்ட் பாசிட்டிவா இருக்கிறவங்க சாதாரண கருத்தடை மாத்திரையையும் கேட்காம எடுக்கக்கூடாது, ரத்தம் கட்டுற ஆபத்து இருக்கு.

கடைசியா, எதுக்கெல்லாம் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக்கூடாதுனு பீரோ கதவு உள்பக்கம் எழுதி ஒட்டு, வீட்டுல எல்லாருக்கும் தெரியட்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடும்போது குளிர் நடுக்கத்தோட காய்ச்சல். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல குத்துற வலி, மூச்சிரைப்பு. ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்குறது. வலிப்பு, திடீர்க் குழப்பம், பேச்சு குழறுறது. யூரின் குறைஞ்சு முகமும் காலும் வீங்குறது. இதுல எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுட்டுக் காலையில பார்க்கலாம்னு படுக்காத. 108-ஐக் கூப்பிட்டு, போன உடனே டூட்டி டாக்டர்கிட்ட "எனக்கு லூபஸ், ஸ்டீராய்டு சாப்பிடுறேன்"னு முதல்ல அதைச் சொல்லு. அவர் கேக்குறதுக்கெல்லாம் அப்புறம் பதில் சொல்லலாம்.